கணினியில் பெய்யும் மழை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி ஆறாக இறங்கி அணையில் தேங்குகிறது. மழையின் அளவு, மலையின் சரிவு, மண்ணின் தன்மை ஆகியவற்றை எண்களாக்கிக் கொடுத்தால், அணைக்கு எவ்வளவு நீர் எப்போது வந்து சேரும் என்று கணினி கணக்கிட்டுவிடும். ஆனால் அந்தக் 'கணினி வெள்ளம்' கள்ளக்குறிச்சி வயல்களில் ஒரு நாற்றையாவது நனைக்குமா? நனைக்காது அல்லவா?

இனி மூளைக்கு வருவோம். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒரு நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை, கணவாயின் தடித்த நரம்பிழையில் சோதனை செய்து, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் 1952-இல் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டனர். 302 நரம்புச் செல்களே உடைய ஒரு சிறு புழுவின் இணைப்புப் படம் 1986-இல் வெளியாயிற்று. பழ ஈயின் மூளைப் படம் 2024-இல் முழுமையாயிற்று. அதில் சுமார் 1,40,000 செல்கள். அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி., கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களின் படங்களாக வெளியிட்டது.

படம் மட்டும் போதாது. ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு வலியது, தூண்டுவதா அடக்குவதா என்பதும் தெரியவேண்டும். அத்தனையும் தெரிந்து, ஒரு மூளை முழுவதையும் கணினியில் இயக்குவதாகக் கொள்வோம். அதற்கு வலிக்குமா?

'வலிக்காது, கணினி மழை நனைக்காதது போலத்தான்' என்றார் ஜான் சேர்ல் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர். மறுப்பவர்கள் வேறோர் உவமை காட்டுவார்கள். 7-ஐயும் 5-ஐயும் விரல்விட்டுக் கூட்டினாலும், கணினியில் கூட்டினாலும் 12 தான். கணினி செய்வது பொய்க் கூட்டல் அன்று, மெய்யான கூட்டலே. மூளையின் வேலையும் அத்தகையதானால்?

ஆக, கேள்வி இதுதான்: உணர்வு என்பது மழையைப் போன்றதா, கூட்டலைப் போன்றதா? மழையைப் போன்றதென்றால், 'வலிக்கிறது' என்று கணினி அலறினாலும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. கூட்டலைப் போன்றதென்றால், விசையை அணைக்கும் முன் யோசிக்க வேண்டும். அலறலை மட்டும் வைத்து முடிவு கட்டவும் இயலாது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனின் பல்வலியைக்கூட நீங்கள் உணர்வதில்லை. அவனும் உங்களைப் போன்றவன் என்பதால் ஊகிக்கிறீர்கள். கணினி எந்த வகையில் நம்மைப் போன்றது?

இன்று வரை முடிவான விடை இல்லை. செரிமானம், சதுரங்க ஆட்டம், ஞாபகம், பசி: இந்த நான்கில் எவை மழையின் பக்கம், எவை கூட்டலின் பக்கம்? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதில் தயங்குவீர்கள். நான்காவதில்தான் உண்மையான சண்டை தொடங்கும்!