அம்மம்மாவின் வேரைத் தேட

கிராமத்திலிருந்து கொழும்பு முகத்துவாரத்துக்கு வந்து வாழ்ந்த அம்மம்மாவின் வம்சத்தை எழுதிவைக்க:

• முதலில் மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயரோடு செல்லப்பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், தாய்மாமன் பெயரையும் குறியுங்கள்.

• பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனாருக்குக் கட்டமுண்டு; பாட்டிக்கு இல்லை. ஆகவே அம்மாவின் பத்திரம், பிறகு அம்மம்மாவின் பத்திரம் என்று படிப்படியாக மேலே போங்கள்.

• பிரதி வேண்டுமானால், பிறப்பு பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரிந்தால் தேடுவது எளிது.

• கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்கள்; ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினரே.

• மலையக வழியினர், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் குடியுரிமைக் கடிதங்களைத் தேடுங்கள்.

• ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டலில் இருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

• பெண்களின் பெயரை ‘இன்னாரின் மனைவி’ என்று சுருக்காதீர்கள்.