ஏழு திரையும் ஒரு திரையும்

வடலூர்

பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெய்வேலியில் வாங்கப்போகும் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு புதிய தொலைக்காட்சி வாங்கவேண்டுமென்றும், தைப்பூசக் கூட்டத்தில் நிற்க இயலாத உன் பாட்டி நம் வடலூர் ஞானசபையின் ஏழு திரைகளும் விலகுவதைக் கட்டிலில் அமர்ந்தபடியே தரிசிக்கவேண்டுமென்றும் நீ எழுதியிருப்பது கண்டு மிக்க சந்தோஷம். ஆனால் அட்டைப்பெட்டியின்மேல் ‘ஃபோர்கே’ என்று கண்டதும் மறுபேச்சின்றிப் பணத்தை நீட்டிவிடாதே.

1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும், 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ணம் வந்தபோதும், 2006 முதல் அரசு இலவசமாக வழங்கிய பெட்டி நம் கூடத்தில் ஏறி அமர்ந்தபோதும், நம் தேசத்துச் சித்திரம் 625 கிடைக்கோடுகளால் ஆனதாகவே இருந்தது. அவற்றுள்ளும் திரையில் புலப்பட்டவை 576 மட்டுமே. எச்.டி. எனப்படுவது 720 கோடுகளில் தொடங்குகிறது. முழு எச்.டி. என்றால் 1080 கோடுகள், கோட்டுக்கு 1920 புள்ளிகள், ஆகமொத்தம் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். ஃபோர்கே அதைப்போல் நான்கு மடங்கு. ‘எச்.டி. ரெடி’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை 1366-க்கு 768 புள்ளிகளே உடையவை. 1080 கோட்டுச் சித்திரத்தை அவை ஏற்றுக்கொள்ளும், ஆனால் பாதிப் புள்ளிகளாகச் சுருக்கித்தான் காட்டும்.

ஏற்பது வேறு, காட்டுவது வேறு என்ற இந்தப் பேதத்தைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார்.

பெட்டி எத்தனை உயர்ந்ததாயினும், அதற்குள் வருகிற சித்திரம் 576 கோடாக இருந்தால் அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதைத் தவிர அது வேறொன்றும் செய்ய இயலாது. நம் தெருவிலேயே ஒரு வீட்டில், மாதந்தோறும் எச்.டி. சேனல்களுக்கென்று தனியாகப் பணம் கட்டி, எச்.டி. செட்டாப் பாக்ஸும் வைத்துக்கொண்டு, அதைப் பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரிலேயே மாட்டியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் வயரில் 576-க்கு மேல் ஒரு கோடுகூட ஏறாது. படம் அற்புதம் என்று அவர்கள் சொல்லும்போது நான் வாய் திறப்பதில்லை.

இனி தூரம். பாட்டியின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒன்பது அடி. 43 அங்குலப் பெட்டியின் திரை உயரம் ஏறக்குறைய 21 அங்குலம். 1080 கோடுகளின் நுட்பத்தை முழுமையாக அனுபவிக்க அந்த உயரத்தின் மூன்று மடங்குக்குள், அதாவது ஐந்தேகால் அடிக்குள் அமரவேண்டும் என்பது நிபுணர் கணக்கு. ஃபோர்கேக்கோ அதில் பாதி. ஆகவே ஒன்பது அடியில் இரண்டும் பாட்டிக்கு ஒன்றே. இப்போது பெரிய பெட்டிகளெல்லாம் பெரும்பாலும் ஃபோர்கேயாகவே வருவதால், வந்தால் வரட்டும்; அதற்கென்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதே.

நம் காரியத்துக்குப் புள்ளிகளைவிடக் கருமையே முக்கியம் என்பது என் அபிப்பிராயம். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று திரைகள் ஒவ்வொன்றாய் விலகி, இருளினூடே ஒரு சுடர் தெரிகிற காட்சி அது. கருப்பைச் சாம்பல் நிறமாகக் காட்டும் பெட்டியில் முதல் இரண்டு திரைகளுக்கும் வித்தியாசமே தெரியாது, சுடரும் மங்கிப்போகும். ஒளியையும் இருளையும் விரித்துக் காட்டுமெனும் எச்.டி.ஆர். என்ற சீட்டு ஒட்டியிருந்தாலும், விலை குறைந்த பெட்டிகளில் அதற்கேற்ற பிரகாசம் இராது; அங்கும் ஏற்பதோடு சரி.

ஆதலால் கடலூரிலோ சிதம்பரத்திலோ எந்தக் கடைக்குப் போனாலும், அவர்கள் ஓடவிடும் மலர்களையும் மயில்களையும் பார்த்து மயங்காமல், சாதாரண செட்டாப் பாக்ஸை மாட்டச் சொல்லி ஒரு செய்திச் சேனலைப் போடச்சொல். அடியில் ஓடும் எழுத்துகளின் விளிம்பு பல்பல்லாய்ப் பிசிறுகிறதா என்று கவனி. பிறகு பெட்டிக்கு மேலுள்ள விளக்கை அணைக்கச்சொல்லி ஓர் இருட்டுக் காட்சியைப் பார். வயருக்கென்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதே. செட்டாப் பாக்ஸோடு வரும் சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரே 1080 கோடுகளையும் தாராளமாகச் சுமக்கும்.

இப்படிக்கு,
உன் தாத்தா