பெட்டியில் அடங்கிய சர்க்கஸ்

பிரெஞ்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசு மாநகரில், 1926 ஆம் ஆண்டிற்குப் பின்னர், ஒரு சிறிய அறையினுள் விந்தையானதொரு சர்க்கஸ் அவ்வப்போது நடைபெற்று வந்தது. சிங்கமும் யானையும் குதிரையும், ஊஞ்சற் கம்பியில் தாவுவோரும், கோமாளியும் அதன்கண் இருந்தனர். ஆட்டம் முடிந்தவுடன் அனைவரும் கைப்பெட்டிகளுள் அடங்கிவிடுவர்! அவர்களைச் செய்தவரும், ஆட்டுவித்தவரும், அவர்கள் பொருட்டுக் குரல் கொடுத்தவரும் ஒருவரே. அவர்தாம் அமெரிக்கச் சிற்பியாகிய அலெக்சாண்டர் கால்டர்.

கால்டர் 1898 இல் பிறந்தவர். சிற்பத்தொழில் அவர்க்கு வழிவழி வந்த செல்வமாகும். பிலடெல்பியா நகர மன்றத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் என்பாரின் மாபெரும் வெண்கலச் சிலையை வடித்தவர் அவருடைய பாட்டனார், தந்தையாரும் சிற்பியே, தாயார் ஓவியர். மைந்தரோ பொறியியல் பயின்று, 1919 இல் பட்டம் பெற்றார். 1925 இல் ஓர் இதழுக்காகச் சர்க்கஸ் காட்சிகளை வரையும் பணி அவர்க்கு வாய்த்தது. இரண்டு கிழமை அவ்விடத்தையே சுற்றி வந்தார். கண்ட காட்சி நெஞ்சை விட்டு அகலவில்லை.

பாட்டனார் நாடியது வெண்கலம். பெயரர் நாடியவையோ கம்பி, தக்கை, துணித்துண்டு, நூல், பொத்தான், புட்டி மூடி, ரப்பர்க் குழாய் முதலியன. இல்லத்தார் குப்பையில் எறியும் பொருள்களே அவர் கையில் விலங்கும் மாந்தரும் ஆயின. தொடக்கத்தில் இரண்டு பெட்டிகளுள் அடங்கிய அச்சிறு கூட்டம் பின்னர் ஐந்து பெட்டிகளாகப் பெருகிற்று.

இவை சிறுவர் விளையாட்டுப் பொம்மைகள் அல்லவோ என்று வினவுவார்க்கு, ஆட்டத்தையே விடையாகக் காட்டலாம். கால்டர் தரையில் அமர்ந்து, ஒரு கயிற்றை இழுப்பார். ஒரு பிடியைச் சுழற்றுவார். ஒரு சுருள்வில்லைத் தட்டிவிடுவார். குதிரை ஓடும். விலங்கை அடக்குவோன் சிங்கத்தின் வாயினுள் தலையை நுழைப்பான். ஊஞ்சலில் தாவும் கம்பி மனிதன் எதிர் ஊஞ்சலைப் பற்றினும் பற்றுவான், தவறி வலையில் வீழினும் வீழ்வான்; முடிவு செய்தவர்க்கே தெரியாது! தவறினால் மீண்டும் தாவச் செய்வார். கோடரி எறிவோன் குறி பிழைத்துப் பெண்ணைத் தாக்கிவிட, அவளைச் சுமந்து செல்வோர் தூக்குப் படுக்கையுடன் வருவர். பார்ப்போர் நகைப்பர், ஆயினும், ஊஞ்சல் ஆடும்பொழுது மூச்சடக்கியே இருப்பர். கல்லிற் செதுக்கிய குதிரை நின்றவாறே நிறைவுடையது. கால்டரின் குதிரையோ ஓடினாலன்றி நிறைவு பெறாது. அதன் பாதி கம்பி, மறுபாதி ஓட்டம்.

மீரோ, லெழே, மோந்திரியான் முதலிய ஓவியர் பலர் இதனைக் கண்டு களித்தனர். சப்பானியத் தந்தைக்குப் பிறந்த சிற்பி நொகுச்சி, ஆட்டத்திற்கேற்ப இசைத்தட்டுச் சுழற்றியதும் உண்டு. 1930 இல் மோந்திரியானின் பணியறைக்குச் சென்று வந்த கால்டர், உருவங்களை விடுத்து வடிவங்களையே அசையச் செய்ய முற்பட்டார். அவ்வாறு எழுந்த அசையும் சிற்பங்களுக்கு 1931 இல் 'மொபைல்' எனப் பெயரிட்டவர் துசாம்ப். சர்க்கஸில் கயிறும் பிடியும் செய்த வேலையை இவற்றுட் பலவற்றில் காற்றே செய்தது. பொறியியற் கல்வி வீண் போகவில்லை! 1955 இல் அவர் நம் நாட்டிற்கும் வந்து, அகமதாபாத்தில் தங்கிச் சிற்பங்கள் சில செய்தார்.

1961 இல் வில்லார்தெபோ என்பவர் அந்தச் சர்க்கஸைத் திரைப்படமாக்கினார். கால்டர் 1976 இல் மறைந்தார். 1982 இல், பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, நியூயார்க்கிலுள்ள விட்னி அருங்காட்சியகம் அச்சர்க்கஸை விலைக்கு வாங்கிற்று. கம்பியும் துணியும் பழமையால் நலிந்துள்ளன; தொட்டு ஆட்டுதல் இயலாது. சிங்கமும் யானையும் அங்கே அசைவற்று நிற்கின்றன. திரைப்படத்தில் மட்டும், அறுபதைக் கடந்த கால்டர் தம் தடித்த விரல்களால் கயிற்றை இழுத்து, சிங்கத்திற்காகத் தாமே உறுமுகிறார்.