எந்த ராமசாமி?

எங்கள் வம்சாவளியை எழுதத் தொடங்கினேன். தலைமுறை மாற்றி அதே ராமசாமி, அதே கோவிந்தசாமி! யார் யாரென்றே புரியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற குடும்பங்களில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், மனம் தளராதீர்கள். வீட்டிலுள்ள நிலப் பத்திரங்களைப் பிரியுங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் ஒவ்வொருவரும் தந்தை பெயர், ஊர், தேதியோடு இருப்பார்கள். எந்த ராமசாமி என்பது அங்கே தெளியும். பத்திரம் தொலைந்திருந்தால் ஆவண எண், ஆண்டு சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். பெண்கள்தான் பெரும்பாலும் விடுபட்டிருப்பார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமே 1989இல்தான் வந்தது. அவர்களை மீட்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் வயதான அத்தைகளும்தான் வழி. அத்தையை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பத்திர நகலை அடுத்த மாதம்கூட வாங்கலாம்.