மண் சுவர் வீடு: எதை மாற்றலாம், எதை விடலாம்?

ஓசூர்ப் பக்கம் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது இடிப்பதுதான். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்கள் வாடகை வீடு தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அதே மனையில் மாடி மாடியாக எழுப்பினால் மாதாமாதம் காசு. வாடகைதான் நோக்கம் என்றால் தாராளமாக இடியுங்கள். பிள்ளைகுட்டிகளோடு அங்கேயே குடியிருக்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

சுவரிலிருந்து தொடங்குங்கள். கல் கடைக்கால்மேல் எழுப்பிய மண் சுவர் என்றால் சிமெண்ட் பூச்சா, சுண்ணாம்பா என்பதே முதல் கேள்வி. சிமெண்ட் வேலை சீக்கிரம் முடியும், ஆளும் உடனே கிடைப்பார். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விடாது. உள்ளே மண் இளகும்; சில மழைக்காலம் போனால் பூச்சு பாளம் பாளமாக, மண்ணையும் இழுத்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக் காரையில் ஈரம் ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வேண்டும், பூசிப் பூசிக் காயவிட வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடியும் அலைய வேண்டும். இருந்தாலும் மண் சுவருக்கு நான் சுண்ணாம்பைத்தான் சொல்வேன். விரிசல் கண்ட பகுதியை இடித்துக் கட்ட நேர்ந்தால் அழுத்திய மண் கல் பொருந்தும். பக்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா குழு அதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

கூரையில் அவ்வளவு பிடிவாதம் வேண்டாம். மங்களூர் ஓட்டைப் பிரித்து, உளுத்த கைமரத்தையும் ரீப்பரையும் மட்டும் மாற்றி, உடையாத ஓட்டையே திரும்ப வேயலாம். தூசியும் குரங்கும் தொல்லை. அதற்காகக் கான்கிரீட் தளம் கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் கான்கிரீட் தளத்தின் சூட்டைத் தாங்கிவிடலாம். பல நூறு மீட்டர் கீழே இருக்கும் கிருஷ்ணகிரியில் சித்திரை இரவு தூங்கவிடாது. எடை வேறு இருக்கிறது. மண் சுவர்மேல் தளத்தை ஏற்றக் கூடாது. தனித் தூண்கள் நிறுத்த வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பலர் ஓட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பழைய வீட்டை அப்படியே காப்பதும் உண்டு: ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. ஆனால் நினைவு இல்லத்தில் யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. குடியிருக்கும் வீட்டில் தண்ணீர்தான் பெரிய எதிரி. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை வசதிதான். ஆனால் குழாய் கசிந்தால் மண் சுவர் கரைவது தெரியவே நாளாகும். பின்கட்டில் செங்கல்லால் தனியாகக் கட்டி, இடையே கூரையிட்ட நடை விட்டால், முதியவர்களும் மழையில் நனையாமல் போய்வரலாம். மின்கம்பிக்கும் சுவரை மெஷினால் அறுக்காதீர்கள். மேலே தெரிகிற மாதிரி பைப்பில் இழுத்தால் போதும். பார்வைக்குக் கொஞ்சம் முரடாக இருக்கும், பழகிவிடும்.