கணக்குப் படிக்க எந்தக் காலேஜ்?

நம்பிக்கை: கணிதத்தில் பெரிய ஆளாக வேண்டுமென்றால் பி.எஸ்ஸி.யையே சென்னையிலோ பெங்களூரிலோ தொடங்க வேண்டும்.

உண்மை: எண் கோட்பாட்டு மேதை எஸ்.எஸ். பிள்ளை படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும். ஆய்வுக்குத்தான் சென்னை போனார். எந்த நேர் முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படிகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவியவர் அவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். நம் பள்ளிகளில் அவர் பெயரை யார் சொல்கிறார்கள்?

நம்பிக்கை: தன்னாட்சிக் கல்லூரி, ‘நாக்’ தர மதிப்பீட்டில் ‘ஏ பிளஸ்’. வேறென்ன வேண்டும்?

உண்மை: நாக் மதிப்பெண் மொத்தக் கல்லூரிக்கு, கணிதத் துறைக்கு அல்ல. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியே போடலாம். நம் குமரி மாவட்டக் கல்லூரிகளில் பட்டம் எப்படியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடையதுதான். அந்தச் சுதந்திரத்தில் பாடத்தை ஆழமாக்கலாம், வினாத்தாளை எளிதாக்கவும் செய்யலாம். ஆகவே ஆபீசில் விசாரிக்காதீர்கள், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். ரியல் அனாலிசிஸ் யார் எடுக்கிறார்? நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறாரா, நிறுவலைப் போர்டில் போட்டுக் காட்டுகிறாரா? சீனியர்கள் யாராவது ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கான ‘ஜாம்’ தேர்வு எழுதினார்களா? 1993-இல் பேராசிரியர் குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடை முகாமுக்கு யாரும் போனதுண்டா? அப்படியொன்று இருப்பதே தெரியாத துறையென்றால் யோசியுங்கள்.

நம்பிக்கை: ஒரே கல்லூரி, ஒரே பி.எஸ்ஸி. கணிதம், ஒரே கட்டணம்.

உண்மை: அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடப்பதுண்டு. கட்டணம் வேறு. எந்தப் பிரிவில் சீட் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

நம்பிக்கை: பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்.

உண்மை: சென்னைக் கணிதக் கழகத்துக்கும், நமக்குப் பக்கத்திலேயே விதுராவில் இருக்கும் திருவனந்தபுரம் ஐசருக்கும் (IISER) தனித்தனி நுழைவுத்தேர்வு. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

நம்பிக்கை: பஸ்ஸைப் பார்த்துக் கல்லூரி தேர்வது மடத்தனம்.

உண்மை: இல்லவே இல்லை. கொல்லங்கோட்டிலிருந்து தினமும் நாகர்கோவில் போய்வரும் பையன் கணக்குப் போட எப்போது உட்காருவான்? போகிற வழியிலேயே, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரியிலும் கணிதத் துறை இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கட்டும்.