பஸ் வாங்கி வீடாக்க நினைப்பவருக்கு

அமெரிக்காவில் புதிய சொகுசுப் பேருந்து ஒன்றின் விலை ஐந்து லட்சம் டாலரைத் தாண்டும். அதே பஸ் ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிட்டு ஏலத்துக்கு வரும்போது, சாதாரணக் கார் ஒன்றின் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த விலைச் சரிவுதான் என்னைப் போன்றவர்களை இழுக்கிறது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று வைத்து, ஊர் சுற்றும் வீடாக்கிக்கொள்கிறோம்.

பள்ளிப் பேருந்தை இப்படி மாற்றுகிறவர்களும் உண்டு; அது மலிவு, எளிது. ஆனால் நீண்ட தூரப் பயணத்துக்கென்றே கட்டிய கோச் பஸ்ஸில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் வைக்கத் தரைக்குக் கீழே பெரிய லக்கேஜ் டிக்கிகள் இருக்கும். மலையேற அஞ்சாத எஞ்சின் பின்னால் இருக்கும். அதனால் நான் கோச் பக்கம் போனேன்.

டெக்சஸில் குடியிருக்கும் நான் அப்படி ஒன்றை வாங்கி, மாற்றி, குடும்பத்தோடு ஓட்டிவருகிறேன். தேடித் திரிந்த காலத்தில், பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் என்னுடன் வந்து பார்த்துக் கொடுத்தார். அவர் முதல் நாளே சொன்ன விதி இது: “எதைப் பிய்த்தெறியப் போகிறாயோ, அதற்குக் காசு கொடுக்காதே. எதை உன்னால் சரிசெய்ய முடியாதோ, அதை மட்டும் பார்.” கீழே இருப்பதெல்லாம் அந்த விதியின் விரிவுதான்.

முதலில் துரு

வடக்கு மாநிலங்களில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் ஓடிய பஸ்ஸும், அரிசோனா பாலைவனத்தில் ஓடிய பஸ்ஸும் விளம்பரப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். அடியில் படுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். கோச் பஸ்ஸுக்கு லாரியைப் போலத் தனி சேசிஸ் கிடையாது. உடலும் அடிச்சட்டமும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு அது. அதில் ஒரு குறுக்குச் சட்டம் அரித்துப்போனால், அதைச் சுற்றியுள்ளவையும் வலுவிழக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர், பின் அச்சுகளைச் சுற்றிய சட்டங்கள், டிக்கியின் தரை, எஞ்சினைத் தாங்கும் தொட்டில், கழிவறைக்கு நேர் கீழே. கையில் டார்ச், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் போதும். நல்ல எஃகைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அரித்தது மொத்தென்று கேட்கும். எம்.சி.ஐ. நிறுவனத்தின் பழைய பஸ்களில் பக்கவாட்டுத் தகடு துருப்பிடிக்காத எஃகு. அந்தப் பளபளப்பை வைத்து உள்ளே இருக்கும் சட்டத்தை எடைபோட முடியாது.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கையோடு பாருங்கள். நான் பார்த்த ஒன்றின் அடிப்பாகம் கரிய மெழுகு போல மின்னியது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை லேசாக அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெள்ளையடித்த சுவரை நம்பி வீடு வாங்குகிற கதைதான்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: இந்த பஸ்கள் காற்றுப் பைகளின் மேல் நிற்கின்றன. ஒரு பை வெடித்தாலோ ஒரு குழாய் கழன்றாலோ, பல டன் எடை நொடியில் கீழே இறங்கும். அடிச்சட்டத்துக்கு உறுதியான முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். ஜாக்கி முட்டாகாது. “ஒரே நிமிடம்தானே” என்று விற்பவர் சொன்னாலும் போகாதீர்கள்.

எஞ்சினுக்கு மைலைவிட ஆண்டு முக்கியம்

ஓடோமீட்டரில் எட்டு லட்சம் மைல் பார்த்ததும் காரோட்டிகளாகிய நமக்குப் பதற்றம் வரும். முறையாகப் பராமரித்த கோச் எஞ்சின் பத்து லட்சம் மைலைத் தொடுவது அதிசயம் இல்லை. எந்தத் தலைமுறை எஞ்சின் என்பதுதான் கேள்வி.

பழைய பஸ்களில் இருப்பவை டெட்ராய்ட் டீசலின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள்: 8வி71, 6வி92 வகையறா. கேட்க இனிமை. ஒழுகும் எண்ணெய்க்கும் அவை பேர்போனவை. அவற்றுக்குப் பொதுவாக எஸ்.ஏ.இ. 40 என்ற ஒற்றை கிரேடு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் 15டபிள்யூ-40 ஆகாது. இவற்றைக் கைவைத்துப் பழகிய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுவருகிறார்கள். சொந்தக் கையால் ஸ்பானர் பிடிப்பவருக்கு மட்டும் இது ஏற்றது.

1987-இல் வந்த டெட்ராய்ட் சீரிஸ் 60, முழு மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக். பஸ்ஸை வீடாக மாற்றுவோர் அதன் 12.7 லிட்டர் வகையைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 2002 இறுதியில் புகைக் கட்டுப்பாடு இறுகியபின் ஈ.ஜி.ஆர். என்ற புகை மறுசுழற்சி ஏற்பாடு சேர்ந்தது. 2007-இல் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியும், 2010-இல் யூரியாக் கரைசல் ஊற்றும் ஏற்பாடும் வந்தன. காற்றுக்கு நல்லவைதான். மாதக்கணக்கில் நின்று எப்போதாவது ஓடும் வீட்டு பஸ்ஸில் இவைதான் அடிக்கடி எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். ஆகவே 2002-க்கு முந்தைய சீரிஸ் 60, அதோடு ஆலிசன் பி500 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்பது என் தேர்வு.

சோதிக்கும் முறை:

* எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் மேல் கைவைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பிக்கும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும்.
* தொடக்கத்தில் கொஞ்சம் வெண்புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட் அளவும் குறைந்தால் கிளம்பிவிடுங்கள்.
* ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பீறிட்டு வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.
* எண்ணெயில் ஒரு சிறு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சில பத்து டாலர்தான் செலவு. கூலன்ட் கலந்திருக்கிறதா, பேரிங் உலோகம் தேய்கிறதா என்று எழுதியே தந்துவிடுவார்கள்.
* பொத்தான் பலகை உள்ள ஆலிசன் கியர்பாக்ஸில் மேல், கீழ் அம்புக்குறிகளைச் சேர்த்து அழுத்தினால் எண்ணெய் அளவும் பழுதுக் குறியீடுகளும் திரையில் வரும். பல விற்பனையாளர்களுக்கே இது தெரியாது.
* ஏற்றத்தில் ஓட்டாமல் வாங்காதீர்கள். சமதரையில் எல்லா ரேடியேட்டரும் நல்ல ரேடியேட்டர்தான்.

காற்றும் டயரும்

பிரேக், சஸ்பென்ஷன், பல பஸ்களில் கதவு என எல்லாமே காற்றால் இயங்குபவை. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் சோதனையை நாமும் செய்யலாம். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்றை முழு அழுத்தத்துக்கு ஏற்றி எஞ்சினை அணையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்தபின் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் பார்த்தால் 3-க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். 60-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். 20-க்கும் 45-க்கும் நடுவில் பார்க்கிங் பிரேக் தானாக விழ வேண்டும். அது விழாத பஸ்ஸை மேற்கொண்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது.

முடிந்தால் மறுநாள் காலையில் மீண்டும் போய்ப் பாருங்கள். ராத்திரியில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பையிலோ வால்விலோ கசிவு.

டயரில் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. ஏழெட்டு வயதைத் தாண்டியதை, புதுசாகத் தெரிந்தாலும், மாற்ற வேண்டியதாகவே கணக்கு வையுங்கள். மூன்று அச்சு பஸ்ஸுக்கு எட்டு டயர். மொத்தமாக நாலைந்தாயிரம் டாலர். இதை விலையிலேயே கழித்துக் கேட்கலாம். நான் கேட்டேன், குறைத்தார்கள்.

உள்ளே அளவுநாடா மட்டும் போதும்

தோல் இருக்கை, டி.வி., நீல விளக்கு எதற்கும் மயங்க வேண்டாம். எல்லாம் குப்பைக்குப் போகிறவை. பஸ்ஸோடு வரும் பெரிய ஏ.சி.யும் எஞ்சின் ஓடினால்தான் ஓடும், நிறுத்திய இடத்தில் உதவாது. பார்க்க வேண்டியது நிற்கும் உயரம். தரைக்கும் கூரைக்கும் காப்புப் பலகை போட்டால் மூன்று நான்கு அங்குலம் போய்விடும். வீட்டில் உயரமானவரை நிற்கவைத்து அளந்த பிறகு பேரம் பேசுங்கள். அகலம் 96 அங்குலமா 102 அங்குலமா என்பதையும் பாருங்கள். அந்த ஆறு அங்குலம் சமையலறையில்தான் தெரியும். கழிவறை ஓரத்துப் பலகைத் தரையை மிதித்துப் பார்த்தால் ஊறிப்போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

காகிதம் இல்லாமல் கைகொடுக்காதீர்கள்

பராமரிப்புப் பதிவேடு கேளுங்கள். ஒரு நிறுவனம் தன் பணிமனையில் எண்ணெய் மாற்றிய தேதி முதல் எழுதிவைத்திருந்தால் அதற்காகக் கூடுதலாக ஓரிரண்டாயிரம் கொடுக்கலாம். பழைய நிறுவனத்தின் பெயரையும், மத்தியப் போக்குவரத்துத் துறை தந்த யூ.எஸ்.டி.ஓ.டி. எண்ணையும் வீட்டுக்கு ஓட்டி வருமுன் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் உங்களை வணிக வண்டியாக நிறுத்துவார்கள்.

டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தை மோட்டார்ஹோம் என்று மாற்றுவதற்கு மத்திய விதிமுறை ஓர் அளவுகோல் தருகிறது. சமையல், குளிர்சாதனப் பெட்டி, தன்னிறைவான கழிப்பறை, வெப்பம் அல்லது ஏ.சி., குழாயும் சிங்க்கும் கொண்ட குடிநீர் ஏற்பாடு, தனி 110-125 வோல்ட் மின்சாரம் அல்லது புரொப்பேன் ஆகிய ஆறில் குறைந்தது நான்கு வேண்டும். பல மாநிலங்கள் இதையொட்டியே கேட்கின்றன. படம் எடுத்து, ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள்.

லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 26,000 பவுண்டுக்கு மேல் போனால் வணிகமல்லாத பி வகுப்பு வேண்டும். கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்கும் அப்படியே. இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது இன்ஷூரன்ஸ். சொந்தக் கையால் மாற்றிய பஸ் என்றதும் பல நிறுவனங்கள் போனை வைத்துவிட்டன. பணம் கட்டுமுன், மாற்றும் வேலை நடக்கும் காலத்துக்கும் சேர்த்து, ஒரு நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

உதிரிபாகத்தையும் இந்தக் கட்டத்திலேயே விசாரியுங்கள். விண்ணிப்பெக்கில் தொடங்கிய எம்.சி.ஐ., கியூபெக்கின் பிரெவோ ஆகிய இரண்டுக்கும் வட அமெரிக்கா முழுக்கப் பொருள் கிடைக்கும். பெல்ஜியத்தின் வான் ஹூல் நல்ல பஸ்தான். ஆனால் நிறுவனம் 2024-இல் திவாலானது. வாங்குமுன் கண்ணாடியும் கதவும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

கையிருப்புக் கணக்கு

உங்களிடம் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பஸ்ஸுக்குப் போடாதீர்கள். இன்னொரு பங்கு உள்வேலைக்கு. மூன்றாவது பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று தொடாமல் வையுங்கள். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் கனரக இழுவை வண்டிக்கே பெரிய பில் வரும். டீசல் கேலனுக்கு ஆறேழு மைல்தான் என்பதையும் பயணக் கணக்கில் சேருங்கள்.

அழகான பஸ்ஸைத் தேடாதீர்கள். வறண்ட ஊரில் ஓடிய, பதிவேடு உள்ள, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பஸ்ஸைத் தேடுங்கள். ஏலத்தில் கை தூக்குமுன் பஸ் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப்போங்கள். இந்த வேலையில் நீங்கள் செலவழிக்கும் பணத்திலேயே லாபமானது அந்தக் கூலிதான்.